3 ரூபாய்ப் பிளாஸ்திரி, 800 ரூபாய்ப் புண்

கூடலூரிலிருந்து வரும் சாலை நாடுகாணியில் பிரிகிறது. ஒரு கிளை தேவாலா, பந்தலூர் பக்கம் போகிறது. இன்னொன்று சுரம் இறங்கி, வழிக்கடவு வழியாக நிலம்பூரைத் தொடுகிறது. சந்திப்பைச் சுற்றி எங்கும் தேயிலை. தேயிலை இருந்தால் கவ்வாத்துக் கத்தி இருக்கும், கொழுந்து வெட்டும் கத்தரி இருக்கும், மழைக்காலத்தில் அட்டை இருக்கும். இவை மூன்றும் இருந்தால் கையிலும் காலிலும் சின்னச் சின்னக் காயங்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் காயத்துக்கு முதல் மருந்து பெட்டிக்கடையில், ஷாம்பு பாக்கெட்டுக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கும் பிளாஸ்திரிதான்.

கடையில் கிழித்துத் தரும் சாதாரணப் பிளாஸ்திரி ஒன்றின் விலை 2 முதல் 3 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைப் பொருள்கள் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இவ்வளவு மலிவான பொருளுக்கு வரவு செலவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். எழுதிப் பார்த்தால்தான், பிளாஸ்திரியின் விலை வேறு, அதைத் தப்பாகப் போட்டதன் விலை வேறு என்பது தெரியும்.

பட்டியின் அளவு

சாதாரணப் பிளாஸ்திரி சுமார் 7 செ.மீ. நீளம், 2 செ.மீ. அகலம். பரப்பு 14 சதுர செ.மீ. நடுவில் இருக்கும் பஞ்சுத் துண்டு ஏறக்குறைய 2 செ.மீ.க்கு 1.2 செ.மீ., அதாவது 2.4 சதுர செ.மீ. மீதி 11.6 சதுர செ.மீ. முழுக்கப் பசை.

ஆக, பட்டியில் ஆறில் ஐந்து பங்கு பசை. அது காயத்தைத் தொடுவதே இல்லை. சுற்றியுள்ள நல்ல தோலைத்தான் பிடித்துக்கொள்கிறது. அரிசி அளவு வெட்டுக்கு நாம் பணயம் வைப்பது 11.6 சதுர செ.மீ. நல்ல தோல். பிளாஸ்திரியால் வரும் சிவப்பு, அரிப்பு, உரிதல் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான் வருகின்றன.

இந்த வடிவத்துக்கு வயது நூறு தாண்டிவிட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் பையர்ஸ்டோர்ஃப் 1882-ல் மருந்துப் பிளாஸ்திரிக்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தில் பஞ்சு கொள்முதல் பார்த்துவந்த ஏர்ல் டிக்சன், சமையலில் அடிக்கடி கையை வெட்டிக்கொண்ட மனைவிக்காக 1920-ல் ஒட்டுநாடாவின் நடுவே பஞ்சை வைத்துப் பார்த்தார். மறு ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த பட்டி 18 அங்குல நீளம், இரண்டரை அங்குல அகலம். வேண்டிய அளவுக்கு வீட்டிலேயே வெட்டிக்கொள்ள வேண்டும். முதல் ஆண்டு விற்பனை 3,000 டாலர்தான். இயந்திரத்தில் அளவாக வெட்டிய பட்டிகள் 1924-ல் வந்த பிறகே வியாபாரம் சூடுபிடித்தது.

விரலின் சுற்றளவு

கொழுந்து பறிப்பவரின் சுட்டுவிரல் சுற்றளவு ஏறக்குறைய 6 செ.மீ. 7 செ.மீ. பட்டியைச் சுற்றினால் நுனி தன் மேலேயே 1 செ.மீ. ஏறி உட்காரும். அதாவது விரலைச் சுற்றி ஒரு மூடிய வளையம். காயம்பட்ட விரல் சில மணி நேரத்தில் வீங்கும், வளையம் விரியாது. விரல் நுனி நீலம் பாயும், விண் விண் என்று தெறிக்கும், மரத்துப்போகும்.

ஒட்டிய பிறகு நகத்தை அழுத்தி விட வேண்டும். வெளுத்த நகம் 2 வினாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பினால் ரத்தம் சரியாக ஓடுகிறது. திரும்பாவிட்டால் கழற்றித் தளர்த்தி ஒட்ட வேண்டும். விரல் நுனியில் வெட்டு என்றால், பட்டியின் இரண்டு பக்கத்தையும் பஞ்சு வரைக்கும் நீளவாக்கில் கத்தரித்து நான்கு வால்களாக்கி, அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டலாம். வளையமும் விழாது, மடக்கும்போது கழன்றும் வராது.

தோலின் இருப்பு

தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது. கை, கால், முதுகு போன்ற இடங்களில் அதன் தடிமன் 10 முதல் 20 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் இரண்டு பங்கு. உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் இதைப்போலப் பல மடங்கு தடிப்பு. தோட்ட வேலை செய்த கையில் இன்னும் கூடுதல். பிளாஸ்திரியைப் பிய்க்கும் ஒவ்வொரு தடவையும் இந்த அடுக்கிலிருந்து கொஞ்சம் செல்கள் பசையோடு போய்விடும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 4 வாரம் ஆகும்.

ஒரு காயத்துக்கு 4 நாளில் 8 பிளாஸ்திரி மாற்றுகிறோம் என்று வைப்போம். 8 தடவை 11.6 சதுர செ.மீ. என்றால் 92.8 சதுர செ.மீ. நல்ல தோல் பசையில் உரிபடுகிறது. உள்ளங்கையின் பரப்பைவிடக் கொஞ்சம் அதிகம். அத்தனையும் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில். அதனால் ஒவ்வொரு தடவையும் பட்டியின் கோணத்தை மாற்றி ஒட்ட வேண்டும்: காலையில் குறுக்காக ஒட்டினால் மாலையில் சாய்வாக.

கழற்றும் விதத்திலும் கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் 65 மாணவர்களிடம் சோதித்து 2009-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். பட்டென்று பிய்த்தால் 10-க்கு 0.92 வலி, மெதுவாக உரித்தால் 1.58. வித்தியாசம் 0.66. ஆரோக்கியமான இளந்தோலுக்கு இது சரி. அறுபது தாண்டியவரின் மெல்லிய தோலிலும் கைக்குழந்தையின் தோலிலும் பட்டென்று இழுத்தால், 0.66 வலியை மிச்சம் பிடிக்கப்போய்த் தோலே கிழிந்து வரும்.

அவர்களுக்கு முறை வேறு. ஓரத்தில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒன்றிரண்டு நிமிடம் ஊற விட வேண்டும். ஒரு மூலையைக் கிளப்பி, மேல்நோக்கி இழுக்காமல், தோலோடு தோலாகப் பின்பக்கம் மடக்கி, முடி வளர்ந்த திசையிலேயே உரிக்க வேண்டும். மற்றக் கை தோலை அமுக்கிப் பிடித்திருக்க வேண்டும்.

கழற்றிய இடம் சற்றுச் சிவந்திருப்பது வழக்கம்தான். 30 நிமிடம் கழிந்தும் சிவப்பு மாறாவிட்டாலோ, கொப்புளம், உரிசல் தெரிந்தாலோ, ஒட்டும் பொருளால் தோலுக்குச் சேதம் என்று கொள்ள வேண்டும். 2013-ல் வெளியான மருத்துவ நிபுணர்களின் பொதுக் கருத்து வகுத்த எல்லை அது. அந்த இடத்தில் மறுபடி அதே பட்டியை ஒட்டக் கூடாது.

ஈரத்தில் இரண்டு வகை

புண்ணைக் காற்றாட விட்டால் சீக்கிரம் காயும், ஆறும் என்பது பாட்டி காலத்துப் பேச்சு. 1962-ல் ஜார்ஜ் வின்ட்டர் பன்றிக்குட்டிகளின் மேலோட்டமான காயங்களை வைத்து இதைச் சோதித்தார். பாலித்தீன் படலத்தால் மூடிய காயங்களில் புதுத் தோல் படர்ந்த வேகம், திறந்து விட்டவற்றைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மறு ஆண்டே மனிதர்களிடமும் இதே போக்கு காணப்பட்டது. பொருக்குக் கட்டி உலர்ந்த காயத்தில் புதுச் செல்கள் அதற்கு அடியில் வழி தேடி நகர வேண்டியிருக்கிறது. ஈரப்பதம் காத்த காயத்தில் தடையில்லாமல் படர்கின்றன. மூடி வைப்பதே மேல் என்பது 60 ஆண்டுக்கு மேல் நிலைத்த முடிவு.

நாடுகாணியில் இந்த முடிவை அப்படியே எடுத்து ஒட்டிவிட முடியாது. வின்ட்டர் சொன்ன ஈரம், காயத்திலிருந்து ஊறும் உடம்பின் சொந்த ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, பந்தலூர் பக்கம் கொட்டும்போது பட்டிக்குள் நுழையும் ஈரம் செடியிலிருந்தும் மண்ணிலிருந்தும் வருவது. இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு, தலையில் மழைமூடியாகக் கொங்காடி போட்டுக்கொண்டு தேயிலை நிரையில் இறங்குபவரின் கை காலை எட்டரைக்கே நனைந்துவிடும்.

காலை 8 மணிக்கு ஒட்டியது எட்டரைக்கு நனைந்து, இரவு எட்டரைக்குத்தான் கழற்றப்படுகிறது என்றால் 12 மணி நேரம் தோல் ஊறிக்கிடக்கிறது. மதியம் கொழுந்து எடை போடும் நேரத்தில், 12.30-க்கு, கையைத் துடைத்துப் புதிது போட்டால் முதல் பட்டியின் ஈர நேரம் 4 மணி. ஊறிய தோலை அடையாளம் காண்பது சுலபம். பட்டியை எடுத்ததும் அடியில் வெளுத்துச் சுருங்கி, துணி துவைத்த கை மாதிரி இருக்கும். பட்டியின் ஓரத்தில் தேயிலைக் கறையும் அழுக்கும் சேர்ந்து கறுப்புக் கோடு போட்டிருக்கும். வெளுத்த தோல் சுலபமாகக் கிழியும். கறுப்புக் கோட்டில் இருப்பது கிருமிக்கான வாசல்.

சாதாரண ஒட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். நனையாவிட்டால் நாளைக்கு ஒரு தடவை போதும். அதற்கு மேல் மாற்றினால் தோலின் இருப்புதான் கரையும். மழை வேலைக்கு நீர்புகாப் பிளாஸ்திரி சில ரூபாய் கூடுதல் என்றாலும் கட்டுபடியாகும். ஆனால் முற்றிலும் உலர்ந்த தோலில் ஒட்டினால் மட்டுமே அது நீர்புகா. ஈரக் கையில் ஒட்டினால், ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியதாக ஆகும். கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருப்பவர் அங்கே பிளாஸ்திரி போடவே கூடாது. அந்த இடத்துக்குத் தேவை உலர்ந்த துணியும் காளான் எதிர்ப்புக் களிம்பும்தான்.

அட்டைக்கடிக்குத் தனிக் கணக்கு. அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் ரத்தத்தை உறைய விடாது. அட்டை விழுந்த பிறகும் மணிக்கணக்கில் கசியும். 2.4 சதுர செ.மீ. பஞ்சு சீக்கிரம் நனைந்து ஒட்டு கழன்றுவிடும். பத்துக் கடிக்குப் பத்துப் பிளாஸ்திரி போட்டால் 30 ரூபாய் மழையில் போகும். சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை மடித்து 10 முதல் 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துவிட்டு, அதன் பிறகும் கசியும் இடத்துக்கு மட்டும் போட்டால் போதும்.

ஒவ்வாமைக்கு ஒரு நாள்காட்டி

பசை உறுத்துவது வேறு, ஒவ்வாமை வேறு. உறுத்தல் ஒட்டிய அன்றோ, பிய்த்த உடனோ தெரியும், கழற்றிவிட்டால் அடங்கும். ஒவ்வாமை பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரம் கழித்து வரும். அரிப்பு அதிகம், தோலில் பட்டியின் நீள்சதுரம் அப்படியே அச்சுப் பதித்ததுபோலச் சிவந்து பொரிந்திருக்கும், சில சமயம் எல்லை தாண்டியும் படரும். திங்கள் போட்ட பிளாஸ்திரிக்குப் புதன் அரிக்கும்போது பலர் "புண் ஆறுகிறது, அதனால்தான் அரிக்கிறது" என்று சொல்லி இன்னொன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். அரிப்பு பஞ்சுக்கு அடியில் என்றால் ஆறும் அரிப்பாக இருக்கலாம். பசை பட்ட இடத்தில் என்றால் சந்தேகப்பட வேண்டியது பசையை.

பசையில் சேரும் பொருள்களில் ஒவ்வாமைக்குப் பேர்போனது பைன் மரப் பிசினிலிருந்து எடுக்கும் கொலோஃபனி. வயலின் வில்லில் தேய்க்கும் அதே ரோசின்தான். அடுத்தது ரப்பர் பால். நாடுகாணிச் சுரம் இறங்கினால் நிலம்பூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்கள். அங்கே பால் எடுக்கப் போய்க் கை பொரிந்தவர்கள், பிளாஸ்திரி வாங்கும்போது லேட்டெக்ஸ் இல்லாதது என்று உறையில் அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்ரிலேட் பசைகளாலும் சிலருக்கு வரும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தவருக்கு அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் வரும். அவர்களுக்குக் காஸ் துணியும் காகித நாடாவும் பாதுகாப்பு. காகித நாடாவும் உறுத்தினால் துணிக்கட்டு போதும்.

ரூபாய்க் கணக்கு

இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். ஒரு பிளாஸ்திரி 3 ரூபாய், ஒரு நாள் கூலி 400 ரூபாய், விரலில் ஒரு சாதாரண வெட்டு, மழைக்காலம்.

முறை 1: கழுவி, துடைத்து, நாளைக்கு 2 வீதம் 4 நாளைக்கு 8 பிளாஸ்திரி = 24 ரூபாய். சோப்புக்கு 6 ரூபாய். மொத்தம் 30 ரூபாய்.

முறை 2: ஒரே பிளாஸ்திரி, 4 நாளும் அதுவே = 3 ரூபாய்.

மிச்சம் 27 ரூபாய். முறை 2-ல் போனவருக்குச் சீழ் வைத்து 2 நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால் 800 ரூபாய் கூலி போச்சு. கூடலூர் அல்லது பந்தலூர் அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம் என்றாலும் பஸ் கட்டணம் தனி. 800-ஐ 27-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 30. ஆக, முறை 2-ல் போகும் 30 பேரில் ஒரே ஒருவருக்குப் புண் பழுத்தாலும், 30 பேர் சேர்த்து மிச்சம் பிடித்த பணம் முழுவதும் அவர் ஒருவரிடத்தில் கரைந்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் 2 நாளோடு முடியாது.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (ICMR-INDIAB) ஆய்வு, நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. அந்த விகிதத்தை 15 பேர் வேலை செய்யும் ஒரு நிரைக்குப் போட்டால் 1.7, அதாவது கிட்டத்தட்ட இரண்டு பேர். அவர்களுக்குக் காலில் படும் காயம் வலிக்காமலேயே பெரிதாகலாம். பிளாஸ்திரி போட்டு மறந்துவிடுவது அவர்கள் விஷயத்தில் ஆபத்து. தினமும் அவிழ்த்துப் பார்த்தே தீர வேண்டும்.

பிளாஸ்திரிக்கு வேலை இல்லாத இடம்

10 நிமிடம் விடாமல் அழுத்தியும் ரத்தம் நிற்காத வெட்டு, வாய் பிளந்து நிற்கும் வெட்டு, ஆழமாகக் குத்திய ஆணி, தீக்கொப்புளம் ஆகியவற்றுக்கு மேலே பிளாஸ்திரி போட்டு மூடுவது பிரச்சினையை மறைத்து வைப்பதுதான். வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்து, காப்பித்தூளை அப்பி, அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டுவதும் இந்தப் பக்கத்தில் உண்டு. மண்ணோடு வந்த இலையை அடைத்துக் காற்றையும் மூடிவிட்டால், ரணஜன்னி எனும் டெட்டனஸ் கிருமி தேடும் இடத்தை நாமே அமைத்துக் கொடுத்ததாகும்.

நாய், பூனை, குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ முதல் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மூடக் கூடாது. முதல் ஊசி போடும் நாளை 0 என வைத்து 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி. டெட்டனஸ், டிப்தீரியா இரண்டுக்குமான டி.டி. ஊசி அரசுத் திட்டத்தில் 10 வயதிலும் 16 வயதிலும் போடப்படுகிறது. பிறகு 10 ஆண்டுக்கு ஒன்று. மண், சாணி பட்ட காயமென்றால் கடைசி ஊசி 5 ஆண்டைத் தாண்டியிருந்தாலே மறுபடி போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் போட்டதோடு நிறுத்தியவருக்கு 30 வயதில் அந்தக் காவல் இருக்கும் என்று நம்ப முடியாது.

15 பேருக்கு ஒரு பெட்டி

1964 அக்டோபர் 30-ல் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களுக்கு வேலை தரத் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டமே டான்டீ எனும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக வளர்ந்தது. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கத் தோட்டங்கள் அதன் கையில். இலங்கையில் கொழுந்து பறித்த கைகளின் அடுத்த தலைமுறையும் இங்கே அதே வேலையில் இருக்கிறது.

இத்தகைய தோட்டங்களின் முதலுதவிக்குச் சட்டமும் எண் சொன்னது. 1948 தொழிற்சாலைச் சட்டம் 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டிக்குக் குறையக் கூடாது என்றது. தேயிலை ஆலை அதற்குள் வந்தது. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் 5 ஹெக்டேரும் 15 தொழிலாளரும் இருந்தால்தான் பொருந்தியது. 5 ஹெக்டேர் என்பது 12 ஏக்கருக்குச் சற்று மேல். ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயியும் அவரிடம் வேலை செய்யும் நான்கு பேரும் இந்த எண்களுக்கு வெளியே நின்றார்கள்.

அவர்கள் சிலர் சேர்ந்து தாங்களாகவே ஒரு பெட்டி வைத்துக்கொள்ள என்ன ஆகும்? தோராய விலையில் 15 பேருக்கான கணக்கு:

பிளாஸ்திரி 100, தலா 2.50 ரூபாய் வீதம் = 250
கிருமி நீக்கிய காஸ் துண்டு 10 = 60
காகித நாடா 1 = 60
சுருள் கட்டுத்துணி 2 = 30
சோப்பு 2 = 40
சிறு கத்தரி 1 = 60
மொத்தம் = 500 ரூபாய்

தலைக்கு 33 ரூபாய். 400 ரூபாய்க் கூலியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பெட்டி தகரமோ பிளாஸ்டிக்கோ, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்; உறை நனைந்த பிளாஸ்திரியும் காலாவதித் தேதி தாண்டியதும் குப்பைக்குத்தான். பயன்படுத்திய ரத்தப் பட்டியை நிரையில் வீசக் கூடாது. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள் காயத்தில் பட்ட காஸ் துணியை வீட்டு அபாயக் கழிவில் சேர்த்தன. காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுப்பதே முறை. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் விரலில் போட்டால் அதன்மேல் ஒரு கண் வேண்டும். வாயில் வைத்து உரித்து விழுங்கிவிடும்.

கணக்கை முடித்துப் பார்த்தால் விலை உயர்ந்த பிளாஸ்திரி இங்கே தேவைப்படவில்லை. நனைந்ததும் மாற்ற இன்னொன்று, கழுவ ஒரு சோப்பு, துடைக்க உலர்ந்த ஒரு துணி இருந்தால் போதும். தோட்டம் வைத்திருப்பவர்களும் மேஸ்திரிகளும் இந்த மழைக்கு முன்பே 500 ரூபாயை ஒதுக்கிப் பெட்டியைக் கொழுந்து எடை போடும் இடத்தில் வைக்க வேண்டும். மதியம் தராசில் கூடையை வைப்பவர் அங்கேயே கையைத் துடைத்துப் பட்டியை மாற்றிக்கொள்ளட்டும்.